மழைக் கட்டத்துப் பாட்டு யார் போட்டது

1

கோவையிலிருந்து கிளம்பி ஏழு வருடம் முடிந்த வாரத்தில் என் வீட்டுக்கு இரண்டு காகிதங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று வக்கீல் கடிதம். இன்னொன்று என் மகள் நித்யா பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வீசிய ஒரு பத்திரிகை. இரண்டும் என்னைப் பற்றி ஒரே சேதியைத்தான் சொல்லின. நான் ஒன்றுமே செய்யவில்லையாம்.

ஏழாம் ஆண்டு நிறைவுக்கு வேறென்ன வேண்டும்!

நான் இங்கே என்ன வேலை பார்த்தேன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு இன்றுவரை விளக்கி முடித்ததில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், எப்போதும் மழைக்கோட்டோடு திரியவேண்டிய ஒரு ஊர். அங்கே ஒரு சின்ன கம்பெனி. டி.வி.யோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் தயாரித்தார்கள். அதற்குச் சத்தம் போடுவது என் வேலை. குதித்தால் ஒரு சத்தம், காசு எடுத்தால் ஒரு சத்தம், செத்தால் ஒரு சத்தம். போனில் இதைச் சொன்னபோது என் அக்கா, "ஏங்கண்ணு, சாகறதுக்கெல்லாமா சத்தம் போடுவாங்க?" என்று கேட்டாள். ஆமாம் அக்கா, நாலு வருடம் என் பிழைப்பே அதில்தான் ஓடியது. அப்புறம் அந்த வேலை போய்விட்டது. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். அங்கே சாவுக்குச் சத்தமில்லை.

நாங்கள் செய்த கேம்களில் ஒன்றுதான் ஓடியது. 1993-ல் வந்தது. ஒரு கீரிப்பிள்ளை கூரைக்குக் கூரை தாவிப்போகிற கதை. அதில் நாலாவது கட்டம் முழுக்க மழை பெய்யும். அந்த மழைக் கட்டத்தின் பாட்டு இங்கே பையன்கள் வாயில் கொஞ்ச காலம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு என்றால் சொற்கள் இல்லை, வெறும் மெட்டு. அதைப் போட்டது யார் என்பதுதான் இப்போது தகராறு.

2

அந்த மெட்டு பிறந்தது பெருந்துறைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் நோன்பித் திருவிழாவில். அப்போது நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பகலில் கோவை கணபதியில் கம்ப்யூட்டர் வகுப்பு, சாயங்காலம் கச்சேரி. அன்றைக்குப் பாடகர் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. குழு முதலாளி என் காதுக்கருகில் குனிந்து, "தம்பி, எதையாச்சும் வாசிச்சுட்டே இருங்க. நிறுத்திப்போடாதீங்க, கல்லு வந்து உழுகும்" என்றார். தெரிந்த பாட்டை வாசித்தால் 'பாடறவன் எங்கே' என்று கத்துவார்கள். அதனால் தெரியாததை வாசித்தேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பயத்தில் விரல் ஓடியது. ஒரு மணி நேரம் கழித்துப் பாடகர் வந்தபோது அந்த மெட்டுக்குத் தலை, உடம்பு, வால் எல்லாம் முளைத்துவிட்டிருந்தது.

அதை யாரும் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் விளம்பரத் தட்டியில் பாடகர் பெயர் இருக்கும், முதலாளி பெயர் இருக்கும், மைக்செட்காரர் பெயர்கூட இருக்கும். கீபோர்டு வாசிப்பவன் பெயர் இருக்காது. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அக்கா வீட்டுக்காரர் வேலுச்சாமி மாமா மட்டும் டேப்ரிக்கார்டரில் அதைப் பிடித்து வைத்திருந்தார். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். எந்தச் சாமானைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

இனி அந்தப் பெரிய மனிதர். பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கோவையில் அவரை யாருக்கும் தெரியாது. இங்கே மீன் வறுத்து விற்கிற கடைக்காரருக்கும் தெரியும். அரங்கம் நிறையப் பாடுகிறவர். எங்கள் கம்பெனி முதலாளிக்கு எப்படியோ பழக்கம். எங்கள் கேமுக்கு இசை போட்டுத்தர ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய இசைத்தட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தப்படி வேறு இடத்தில் அவர் பெயர் வரக்கூடாது. அதனால் ரகசியமாக வந்தார், இரண்டு வாரம் இருந்தார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொன்னால் வாய் வெந்துபோகும். ஆறு கட்டத்துக்கு மளமளவென்று மெட்டுப் போட்டார். நான் அதையெல்லாம் எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி எண்களாக மாற்றினேன். மழைக் கட்டத்துக்கு வந்தபோதுதான் அவருக்கு எதுவும் வரவில்லை.

மத்தியானம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "உனக்கு ஒன்றும் வராதபோது என்ன செய்வாய்?" என்று கேட்டார். பெருந்துறையை அவருக்கு எப்படிச் சொல்ல? வாசித்துக் காட்டினேன். கையில் ரொட்டியை வைத்தபடியே கடைசிவரை கேட்டார். "இதையே வைத்துவிடு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அந்த எந்திரத்தில் எல்லாவற்றுக்கும் இடம் கணக்குத்தான். மழைத்தாரை வரைந்த படமே பாதி இடத்தை விழுங்கிவிட்டதால், என் மெட்டின் வாலை நானே வெட்டினேன். கடைசியில் மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிற பகுதி. கேமில் அது கிடையாது.

3

கடைசி நாள் விடைபெறும்போது கம்பெனிக்காரர்கள் நினைவுக்காக வீடியோ எடுத்தார்கள். அவர் என் தோளில் கைபோட்டு, காமிராவைப் பார்த்து, "மழைப் பாட்டு இவருடையது" என்றார்.

அதை அவர் சொன்னார். வாய்நிறையச் சொன்னார். இதை நான் மறைக்கப்போவதில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அய்யய்யோ, அதெல்லாம் இல்லை. எல்லாம் நீங்கள் செய்ததுதான். நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கட்டைகளை அமுக்கினேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. தொண்டாமுத்தூர் தோட்டத்துக்காரர் ஒருவரின் மோட்டாரை மாமா இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து கட்டிக்கொடுத்தார். அவர் நன்றி சொன்னதும், "அட, நானென்னங்க பண்ணிப்போட்டேன், ஒயரு ஒண்ணு லூசா இருந்துச்சு" என்றார். "அதெப்புடிங்க, நீங்க இல்லீன்னா வாழை அத்தனையும் காஞ்சிருக்குமுங்க" என்றார் தோட்டத்துக்காரர். "உங்க ராசிங்க அது" என்றார் மாமா. "உங்க கைராசிங்க" என்றார் அவர். மூன்றாவது சுற்றில் அக்கா காபியோடு வந்துவிட்டாள். மோட்டாரைக் கட்டியது யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. இல்லை என்று சொல்வது நம் வேலை. விடாமல் நம் கையிலேயே திணிப்பது எதிராளியின் வேலை.

நான் என் வேலையைச் செய்தேன். அந்த மனிதர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரி, அப்படியானால் சந்தோஷம்" என்று சிரித்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

ஒரே சுற்றில் முடிந்துவிட்டது. காபியும் இல்லை.

கேம் வெளிவந்தபோது அவர் பெயரைப் போட முடியாது. அவரை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் போட்டால் அவர் மனம் புண்படும் என்று இசைக்கு யார் பெயரும் போடாமல் விட்டார்கள். முடிவில் ஓடும் நன்றிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு முந்தைய வரி ஆபீஸ் நாய். அந்த நாய் நல்ல நாய், அதன்மேல் எனக்கு வருத்தமில்லை.

4

இப்போது பழைய கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அந்தப் பெரிய மனிதரின் பழைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. 'அந்தக் கேமின் இசை முழுவதும் இவர் போட்டது' என்று அறிவித்து ஒரு சி.டி. கொண்டுவரப் போகிறார்கள். அதற்கு முன்னால் என்னிடமிருந்து ஒரு கையெழுத்தை வக்கீல் கடிதம் கேட்டது: ஏழு பாட்டிலும் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று. நாலு பக்கப் படிவம். மூன்று வாரம் கெடு. சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் உறவினராக இருக்கக்கூடாது, என்னைக் குறைந்தது இரண்டு வருடமாவது அறிந்தவராக இருக்க வேண்டும். ஏழு வருடத்தில் அப்படி ஓர் ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர்தான் தேறினார். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் குப்பைத் தொட்டியைச் சரியான கிழமையில் வெளியே வைப்பவன் என்பது மட்டுமே.

நித்யா கொண்டுவந்த பத்திரிகை, கேம் பைத்தியங்கள் படிப்பது. 'மழைப் பாட்டு உண்மையில் யாருடையது?' என்று இரண்டு பக்கம். அந்த வீடியோ எப்படியோ அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. நான் சொன்னதை மட்டும் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அவர் சொன்னதை விட்டுவிட்டார்கள்.

நித்யாவுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். தமிழ் புரியும், பேச்சு ஆங்கிலம்தான், கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அந்தப் பாட்டு நீங்க போட்டதா, இல்லையா?"

ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் வாய் இருக்கிறதே! "போட்டதுன்னா... அது எல்லாரும் சேந்து செஞ்சதுதான் கண்ணு. நான் பெருசா ஒண்ணும்..." என்று இழுத்தேன்.

"கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கப்பா போட்டதுன்னு. இப்ப என்னைப் பொய் சொல்றவள்னு சொல்றாங்க. உங்க வாயாலயே இதுல சொல்லியிருக்கீங்க." பத்திரிகையை என் பக்கம் தள்ளினாள். "அப்ப நான் பொய்யா?"

மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட வருவாள், உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பாள். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

"கையெழுத்துப் போட்டுத் தொலைங்க. பாட்டா நமக்குச் சோறு போடுது?" என்றாள் என் மனைவி சாந்தாமணி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அலுத்துவிட்டது. இந்த ஊரில் எத்தனை படிவம்! வீசாவுக்கு, வாடகைக்கு, பிள்ளையின் பள்ளிக்கு, டாக்டருக்கு. போட்ட கையெழுத்தோடு இன்னொன்று. பேனாவை எடுத்தும்விட்டேன். அதற்குள் அவள் படிவத்தை எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தாள். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, இதுல நீங்க கையெழுத்துப் போட்டா, புள்ளை பொய்தான் சொன்னாள்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிப்போகுமுங்க."

படிவத்தை மடித்து வைத்தேன். பாட்டுப் போனால் போகட்டும். நித்யா போய்விட்டால்?

5

பெருந்துறையில் மாமா பிடித்த அந்த கேசட் இருந்தால் போதுமே என்று தோன்றியது. சனிக்கிழமை காலையில் கணபதிக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம்.

"மாமா, அந்தப் பெருந்துறை நோன்பிக் கேசட்டு இருக்குதுங்களா?"

"அதுங்களா..." மாமா இழுத்தார். பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது. "அதுமேலதான் நம்ம பாப்பா சீரைப் புடிச்சுப்போட்டாங்களே. மாமன்மாரு பேரைப் படிச்சது, பந்தியில சண்டை போட்டது, எல்லாம் அதுலதான் இருக்குது."

போயிற்று. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது மாமா தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க மாமா."

"நீங்க அங்க போன அடுத்த தை மாசம் நாங்க புது ஊடு புகுந்தமல்லங்க? அதுக்கு ஒரு காலிங் பெல் செஞ்சேன். பாட்டுப் பாடற பெல்லு. பாலிடெக்னிக் படிச்ச பையன் ஒருத்தன் சின்ன சிப்புல பாட்டை ஏத்தித் தந்தான். வேற பாட்டு எதுக்குன்னு அந்தக் கேசட்டுல இருந்த உங்க பாட்டையே ஏத்திப்போட்டேன்."

"என் பாட்டையா?"

"ஆமாங்க. கேட்டவங்கல்லாம் எனக்கொண்ணு எனக்கொண்ணுன்னாங்க. அப்புடியே கணபதியில ஒரு முப்பது நாப்பது ஊட்டுல மாட்டிட்டேன். உங்களைக் கேக்காம செஞ்சுபோட்டமேன்னு ஒரு கூச்சம். நீங்க ஊருக்கு வந்தீங்கல்ல, அன்னைக்குக் காலையிலேயே பெல்லைக் கழட்டி பரண்மேல வச்சுட்டேன். நீங்க போனதும் மாட்டிட்டேன்."

நாங்கள் ஊருக்குப் போனது 94-ல். அந்த வீட்டு வாசலில் 'அக்கா, அக்கா' என்று தொண்டை கிழியக் கத்தினது எனக்கு நினைவிருக்கிறது. பெல் வைக்காத வீடா என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. திருடினவர் கூசிப்போய் ஒளித்துவைத்திருக்கிறார். பறிகொடுத்தவன் கூசிப்போய்க் கைகட்டி நிற்கிறேன். ஒரே குடும்பம்!

"மாமா, அதை இப்ப அடிங்க. நித்யா கேக்கோணும்."

"கரண்டு இல்லீங்களே மாப்ள. மூணு மணிக்கு வருமுங்க."

மறுபடியும் கூப்பிட்டபோது நித்யாவை மாடியிலிருந்து சாந்தாமணி ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தாள். போனை அவள் காதில் வைத்தேன். அங்கே மாமா ரிசீவரை வாசல்வரை நீட்டிப் பிடித்தார். "அம்மணி, கேட்டுக்க" என்று அவர் குரல் வந்தது. பிறகு பெல்.

நான் நித்யாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேமை அவள் நூறு தடவை ஆடியிருப்பாள். எந்த இடத்தில் பாட்டு முடிந்து திரும்ப முதலுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. பெல் திரும்பவில்லை. மேலே ஏறியது, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி முடிந்தது. கேமில் இடமில்லாத வாலுக்குக் காலிங் பெல்லில் இடம் இருந்திருக்கிறது.

"இது கேம்ல இல்லையே," என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"இல்ல கண்ணு. இடம் பத்தலைன்னு அப்பாதான் வெட்டினேன்."

"இந்தப் பெல் எப்ப செஞ்சது?"

"கேம் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி."

போனை மெதுவாக வைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். "அப்ப ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அது ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"யாருக்கு மரியாதை?" என்றாள். "எனக்கு இல்லையே."



6

படிவத்தில் கையெழுத்துப் போடாமல் அதை எடுத்துக்கொண்டு, கடிதம் அனுப்பிய வக்கீல் ஆபீசுக்குப் போனேன். பள்ளி விடுமுறை, நித்யாவும் கூட வந்தாள். வக்கீல் இளவயதுப் பெண். டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வழக்கம்போல மறுபடி கேட்கவில்லை. நித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மழைப் பாட்டை எழுதியது நீங்களா?" என்று கேட்டாள் வக்கீல்.

என் நாக்கு 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்பதற்குத் தயாராகிவிட்டது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம். நித்யா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாம்," என்றேன். "நான் எழுதியது. மற்ற ஆறும் அவர் எழுதியது."

அவள் எழுதிக்கொண்டாள். கூரை இடிந்து விழவில்லை. ஆதாரம் கேட்டாள். காலிங் பெல் என்றதும் பேனா நின்றது. அதைச் செய்தது யார் என்றாள். கணபதி வேலுச்சாமி என்று முழு விலாசத்தோடு எழுதவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. தகராறு இருப்பதால் அந்தப் பாட்டைச் சி.டி.யில் சேர்க்கவில்லையாம். கடையில் நித்யா அட்டையைத் திருப்பிப் பட்டியலை எண்ணினாள். ஆறு பாட்டு. பெரிய மனிதரின் பெயர் பெரிதாக இருந்தது. நான் வாயைத் திறந்ததற்கு என் பாட்டுக்குக் கிடைத்தது வெளிவாசல். என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். கிளாசில் இப்போது நம்புகிறார்களா என்று நித்யாவைக் கேட்டேன். பாதிப் பேர் என்றாள். எனக்கு அதுவே அதிகமாகப் பட்டது.

போன வாரம் கணபதியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு காலிங் பெல். அட்டைப்பெட்டியின்மேல் மாமா ஒரு துண்டுத்தாளை ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்: 'பாட்டு போட்டது எங்க மாப்பிள்ளை சண்முகம்.' இரண்டு ஊருக்கும் ஒத்துப்போவது கரண்டு மட்டும்தான், மாட்டியதும் பாடியது. நித்யாதான் ஏணியில் ஏறி மாட்டினாள். துண்டுத்தாளை என்ன செய்தாள் என்று தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

நேற்று பக்கத்து வீட்டுக் கிழவர், எங்களுக்கு வந்த ஒரு தபால் அவர் வீட்டில் விழுந்துவிட்டதென்று கொண்டுவந்தார். பெல்லை அமுக்கினார். நான் கதவைத் திறந்தேன். அவர் தபாலைத் தரவில்லை. தலையைச் சாய்த்து, பாட்டு ஏறிச் சுற்றி இறங்கும்வரை முழுக்கக் கேட்டார். "நன்றாக இருக்கிறதே, யாருடைய பாட்டு இது?" என்றார்.

"அட, அது சும்மா ஒரு பெல்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"நான் போட்டதுங்க," என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். கிழவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டு இன்னொரு தடவை அமுக்கினார்.